மூன்றாம் அரங்கத்தின் கதவுகள்

ஓக்னியான் எங்கே விழுந்து இறந்தான் என்பதில் கலினோவெட்ஸ் நகரத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கண்காட்சி ஆணையத்துக்கு மட்டும்தான் இருந்தது.

மூன்றாம் அரங்கத்தின் கூரையில் தகடு முடுக்கிக்கொண்டிருந்தவன், ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பதினான்கு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தான். கூட வேலை செய்த சப்ரியானும் ஸ்பாஸும் பார்த்தார்கள். கீழே சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்த ஏழு பேரும் பார்த்தார்கள். ஆனால் மூன்றாம் அரங்கம் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே கட்டி முடிக்கப்பட்டுவிட்டது. அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டியாயிற்று. அவர் தலையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்ததால்தான் கூரையில் இன்னும் வேலை பாக்கி என்று தெரிந்தது என்றாலும், கட்டி முடித்தது முடித்ததுதான். முடிந்த கட்டடத்தின் கூரையில் திங்கட்கிழமை ஒருவன் வேலை செய்துகொண்டிருக்க முடியாது. ஆகவே அவன் அங்கே இல்லை. அங்கே இல்லாதவன் அங்கிருந்து விழவும் முடியாது. ஆணையத்தின் அறிக்கை இவ்வளவையும் ஒரே பத்தியில் சொல்லி, ‘மேற்படி நபர் போகும் வழியில் காலமானார்’ என்று முடித்தது. எங்கிருந்து எங்கே போகும் வழி என்று சொல்லவில்லை.

அவன் மனைவி வெலிச்கா அந்த அறிக்கையை இரண்டு முறை படித்தாள். முதல் முறை மனைவியாகப் படித்தாள். இரண்டாவது முறை, நகராட்சி அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் மெய்ப்புத் திருத்தியவளாகப் படித்தாள். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நடக்கவிருந்தது லேசுப்பட்ட கண்காட்சி அல்ல. அந்தக் காலத்து உலகக் கண்காட்சிகளில் நீராவி இயந்திரம் இருக்கும், மின்விளக்கு இருக்கும், நகரும் படிக்கட்டு இருக்கும், ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கதை சொல்வார்கள். இப்போது எல்லாவற்றையும் எல்லாரும் கைபேசியில் பார்த்துவிட்டார்கள். காட்ட ஒன்றும் பாக்கியில்லை. அதற்காகக் கண்காட்சியை நிறுத்திவிட முடியுமா? ஆணையர்கள் இருக்கிறார்கள், துணை ஆணையர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அலுவலகங்கள் இருக்கின்றன. கண்காட்சிகளுக்கான உலகப் பேரவை ஆறு வருஷம் யோசித்து, கண்காட்சியின் கருப்பொருளாகக் கண்காட்சியையே வைத்துவிட்டது. ‘இன்றைய சமூகத்தில் உலகக் கண்காட்சிகளின் நோக்கம் என்ன? மறுபடி சிந்திப்போம்.’ நாற்பத்திரண்டு நாடுகள் சிந்திக்க ஒப்புக்கொண்டன. அவை உட்கார்ந்து சிந்திப்பதற்காக, பல்கேரியாவின் டான்யூப் நதிக்கரையில் மிளகாய்த் தோட்டங்களும் ஒரு கால்பந்து மைதானமும் இருந்த இடத்தில் எட்டு அரங்கங்கள் எழுந்தன. எட்டுக்கும் கூரைத் தகடு போட்டவன் ஓக்னியான்.

அவன் இறந்து ஒரு வருஷம் நிறைவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது வெலிச்கா அஞ்சலித் தாள் அச்சடித்தாள். அந்த ஊரில் அது இல்லாமல் சாவு கிடையாது. ஒற்றைத் தாள், கறுப்புக் கரை, நடுவில் படம், கீழே பெயர். இறந்த அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, ஆண்டு நிறைவுக்கு ஒன்று. வீட்டுக் கதவிலும் எதிரே இருக்கும் மரத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவார்கள். செத்தவர் வேலை செய்த இடத்தின் கதவில் கட்டாயம் ஒட்டுவார்கள். போகிறவர்கள் நின்று, பெயரைப் படித்து, வயதைக் கணக்குப் போட்டு, “கடவுள் மன்னிக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதை யாரும் கிழிக்க மாட்டார்கள். தேர்தல் சுவரொட்டியைக் கிழிக்கிறவன்கூட அஞ்சலித் தாளைச் சுற்றிக் கத்தரித்துவிட்டுத்தான் கிழிப்பான். மழையும் வெயிலும் மட்டும்தான் அதை எடுக்கலாம்.

போன முறைகளில் அரங்கத்தைச் சுற்றி வேலி போட்டிருந்ததால் அங்கே மட்டும் ஒட்ட முடியவில்லை. இப்போது வேலியை எடுத்துவிட்டார்கள். வெலிச்கா தாளில் அவனுடைய பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘மூன்றாம் அரங்கத்தின் கூரையிலிருந்து விழுந்து இறந்தார்.’ அந்த வரி அந்தக் கதவில் ஒரு நாளாவது இருக்க வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

காவலாளி, அனுமதி இல்லாமல் பசை டப்பாவை உள்ளே விட முடியாது என்று அவளை நோக்கப் பிரிவுக்கு அனுப்பினான். நோக்கப் பிரிவின் தலைவி எவ்கெனியா மரியாதையாக நாற்காலி காட்டினாள். தேநீர்கூட வந்தது. கண்காட்சிக்குள் வருகிற எந்தப் பொருளும் நான்கு வகைக்குள் அடங்க வேண்டும் என்று எவ்கெனியா விளக்கினாள்: காட்சிப் பொருள், விளம்பரம், உணவு, அபாயம். அஞ்சலித் தாள் இதில் எது? விளம்பரம் என்றால் நிறுவனத்தின் பெயர் வேண்டும். அபாயம் என்றால் தீயணைப்புத் துறை பார்க்க வேண்டும். அவள் தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். படித்து முடித்ததும் கை தானாகச் சிலுவை போட்டது. பிறகு பிரிவின் தலைவியாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எல்லாம் சரியா இருக்கும்மா. இந்த ‘விழுந்து’ங்கறதுதான் உறுத்துது. நாங்க நோக்கத்தைப் பத்திப் பேசற இடம். விழறது ஒரு நோக்கம் இல்லையே.”

“அவருக்கும் அது நோக்கம் இல்ல,” என்றாள் வெலிச்கா.

எவ்கெனியா அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு, மேலிடத்தில் கேட்டுவிட்டுத் திருத்தங்கள் அனுப்பினாள். ‘கூரையிலிருந்து விழுந்து இறந்தார்’ என்பதற்குப் பதிலாக ‘அரங்கத்தின் உயரத்துக்குப் பங்களித்தார்’ என்று போடலாம். ‘இறந்தார்’ என்பது வேண்டவே வேண்டும் என்றால், ‘மூன்றாம் அரங்கம்’ என்பதை எடுத்துவிடலாம். இரண்டும் ஒரே தாளில் இருப்பதுதான் சிக்கல். வெலிச்கா முப்பத்தொரு வருஷத்தில் ஆயிரக்கணக்கான திருத்தங்களைப் பார்த்தவள். கடிதத்தின் ஓரத்தில், மெய்ப்புத் திருத்துகிறவர்கள் போடும் ‘முன்பு இருந்தபடியே இருக்கட்டும்’ குறியைப் போட்டுத் திருப்பி அனுப்பினாள்.

மறுநாள் விடியற்காலை, பால் வண்டியோடு வண்டியாக உள்ளே போய், மூன்றாம் அரங்கத்தின் முதல் கதவில் தாளை ஒட்டிவிட்டு வந்தாள்.

ஆணையம் கூடியது. திறப்பு விழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை, உலகப் பேரவையின் பார்வைக் குழு மத்தியானம் வருகிறது, தாளை எடுத்தாக வேண்டும். துப்புரவுக்காரியைக் கூப்பிட்டார்கள். அவள் ஈரத் துணியோடு போய், படித்துவிட்டு, துணியைப் பிழிந்துகொண்டு திரும்பி வந்தாள். காவலாளி தனக்கு முதுகு வலி என்றான். கடைசியில் எவ்கெனியாவே கையுறை போட்டுக்கொண்டு போனாள். ஐந்து நிமிஷம் கதவின் முன்னால் நின்றாள். இந்தப் படம் எப்போது எடுத்தது, நன்றாக வந்திருக்கிறது என்று காவலாளியிடம் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

முதன்மை ஆணையர் தெயோதோசி ராலெவ், மூன்று நாடுகளில் மூன்று கண்காட்சிகளை நடத்தி, மூன்றும் எதற்காக நடந்தன என்பதைப் பற்றி ஒரு நூல் எழுதியவர். அவரும் இதே ஊரில் பிறந்தவர்தான். அவர் யாரையும் வற்புறுத்தவில்லை.

“தாளைக் கிழிக்கணும்னு நான் எப்பச் சொன்னேன்? பாவம் யாருக்கும் வேண்டாம். கதவைக் கழட்டுங்க.”

கதவைக் கழற்றும் வேலை சப்ரியானுக்கும் ஸ்பாஸுக்கும் வந்தது. இருவரும் தொப்பியை எடுத்துவிட்டு, கீல்களைத் திருகி எடுத்து, தாள் மடங்காமல் கதவைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன்மேல் ஆள் படுத்திருப்பதுபோல மெதுவாக நடந்தார்கள். அரங்கங்களுக்குப் பின்னால், மிச்ச மரமும் கம்பியும் போட்டிருந்த முற்றத்தில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்கள். சாயங்காலம் சப்ரியான் வெலிச்காவின் வீட்டுக்கு வந்தான்.

“அக்கா, கதவு போச்சு. தாள் பத்திரமா இருக்கு.”

“அந்த அரங்கத்துக்கு எத்தனை கதவுடா?”

“பதினொண்ணு.”

“எங்கிட்ட நூறு தாள் இருக்கு.”

அடுத்த நாள் இரண்டு கதவுகள் போயின. அதற்கடுத்த நாள் நான்கு. மூன்றாம் அரங்கத்தில் கதவு தீர்ந்ததும், எட்டு அரங்கங்களும் அவன் வேலை செய்த இடங்கள்தானே என்று வெலிச்காவுக்குத் தோன்றியது. ஐந்தாம் அரங்கத்துக்குப் போனாள். ஆணையம் அவளைப் பிடிக்க ஆள் போட்டது. பிடிக்க வந்தவன் பசை டப்பாவை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், ஏனென்றால் அவள் இரண்டு கையாலும் தாளின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். தாள் கோணலாக ஒட்டியிருந்தால் இறந்தவருக்கு மரியாதை இல்லை.

கழிப்பறைக் கதவுகளில் ஒட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அங்கெல்லாம் ஓக்னியானின் முகம் இருக்கக் கூடாது. ஆனால் ஆணையம் அவள் மனத்தை எப்படி அறியும்? முன்னெச்சரிக்கையாக அந்தக் கதவுகளையும் கழற்றிவிட்டது. பார்வைக் குழுவினர் அதைக் கண்டு முகம் சிவந்தபோது, இது ஒளிவுமறைவின்மை குறித்த தனிப் பகுதி என்று எவ்கெனியா விளக்கினாள். குழுவில் மூத்தவர் அவசரமாக இருந்தார். ஒளிவுமறைவின்மையைப் பயன்படுத்திக்கொண்டார்.

திறப்பு விழா அன்று எட்டு அரங்கங்களிலும் ஒரு கதவுகூட இல்லை. ஆற்றுக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாடு ‘நாங்களும் யோசிக்கிறோம்’ என்ற பெயரில் காலியான கூடம் அனுப்பியிருந்தது. அதில் நான்கு தெரு நாய்கள் வந்து படுத்துக்கொண்டன. அந்த நாட்டின் தூதர் முதலில் ஆட்சேபித்தார், பிறகு நாய்களுக்குத்தான் கூட்டம் வருகிறது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். இன்னொரு நாடு வரிசையைக் காட்சிக்கு வைத்திருந்தது. ஜனங்கள் வளைந்து வளைந்து முக்கால் மணி நேரம் நிற்பார்கள், வரிசையின் முனையில் வெளியே வந்துவிடுவார்கள். அவ்வளவுதான். வேறொரு அரங்கில், அந்த அரங்கத்தைக் கட்டிய விதம் படமாக ஓடியது. அதில் கூரை தானாகவே மேலே போய் உட்கார்ந்துகொண்டது. படத்தில் ஓர் ஆள்கூட இல்லை. வெலிச்கா அதைக் கடைசிவரை இருந்து பார்த்தாள்.

ராலெவ் மேடை ஏறினார். கதவுகளைப் பற்றி வெளிநாட்டு விருந்தினர் ஏற்கெனவே முணுமுணுக்க ஆரம்பித்திருந்ததால் அங்கிருந்தே தொடங்கினார்.

“அன்பர்களே, கதவு எதற்கு? உள்ளே இருப்பதைக் காப்பதற்கு. நேற்றைய கண்காட்சிகளுக்குக் கதவு இருந்தது, ஏனென்றால் உள்ளே ஏதோ இருந்தது. நம்முடைய கண்காட்சிக்குக் கதவு தேவைப்படவில்லை. அந்த அளவுக்கு நாம் முன்னேறியிருக்கிறோம். இது எதற்காக என்று நேற்று ஒரு நிருபர் என்னைக் கேட்டார். நான் பெருமையோடு சொன்னேன்: எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நாற்பத்திரண்டு நாடுகளை எதற்காகக் கூப்பிட்டிருப்பேன்?”

கைதட்டல் ஆறு மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டது.

ஓக்னியானின் ஆண்டு நிறைவு கண்காட்சியின் நான்காம் நாள் வந்தது. இறந்தவர் பேரில் பங்கிடுவதற்காக வெலிச்கா கோதுமையை வேகவைத்து, சர்க்கரை தூவி, காகிதக் கிண்ணங்களில் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேரே பின் முற்றத்துக்குப் போனாள். அங்கே நாற்பத்தாறு கதவுகள் வரிசை வரிசையாகச் சாய்ந்திருந்தன. அவற்றில் முப்பத்தெட்டில் அவன் முகம் இருந்தது. சப்ரியான் சொல்லி வேலைக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் சொல்லி அவர்களுடைய வீட்டார் வந்தார்கள். நுழைவுச் சீட்டு இலவசமாகக் கிடைத்தும் கண்காட்சிப் பக்கமே எட்டிப் பார்க்காத ஊர்க்காரர்கள் அன்று வந்தார்கள். ஒரு கதவைப் படித்தால் போதாதா என்று யாரும் நினைக்கவில்லை. ஒவ்வொரு கதவின் முன்னாலும் நின்று, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படித்து, அடுத்ததுக்கு நகர்ந்தார்கள். ‘மூன்றாம் அரங்கத்தின் கூரையிலிருந்து’ என்ற வரி அன்று எத்தனை வாய்களில் முணுமுணுக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. கோதுமை பதினோரு மணிக்கே தீர்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, சிறந்த அரங்கத்தைத் தேர்ந்தெடுக்க வந்திருந்த நடுவர் குழுவின் தலைவர் வழி தவறி முற்றத்துக்குள் வந்துவிட்டார். நான்கு நாளாக அவர் வெற்றுக் கூடங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர். இங்கே ஆயிரம் பேர் நின்று எதையோ படித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் அழுதார்கள். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டை எடுத்தார். மறுநாள், சிறந்த அரங்கத்துக்கான தங்கப் பதக்கம் கண்காட்சியை நடத்தும் நாட்டுக்கே, ‘கதவுகளின் முற்றம்’ என்ற படைப்புக்காக, அறிவிக்கப்பட்டது. அப்படி ஒரு படைப்பு தன்னிடம் இருக்கிறது என்று ஆணையத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

பதக்கம் வாங்க வேண்டுமானால் படைப்பைப் பற்றிய குறிப்பு கண்காட்சி மலரில் வர வேண்டும், அதில் முதன்மை ஆணையர் கையெழுத்திட வேண்டும். எவ்கெனியா பெரிய பூங்கொத்தோடு வெலிச்காவின் வீட்டுக்கு வந்தாள். பூக்களை எண்ணினால் இரட்டைப்படை. செத்த வீட்டுக்கு அப்படித்தான் கொண்டுவர வேண்டும், அதில் அவள் தவறவில்லை. தாள்களை அப்படியே விட்டுவைக்கச் சம்மதிக்க வேண்டும் என்று கேட்டாள். வெலிச்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: ஓக்னியான் எந்த இடத்தில், எப்படி, என்றைக்கு இறந்தான் என்பது குறிப்பில் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும்.

மறுப்பார்கள் என்று நினைத்தாள். ராலெவ் உடனே ஒப்புக்கொண்டுவிட்டார்.

“நல்லதாப் போச்சு, போடுங்க,” என்று அவர் எவ்கெனியாவிடம் சொன்னாராம். “நடுவருங்களுக்குச் சாவு பிடிச்சிருக்கு.”

மலர் வந்தது. தடித்த தாள், தங்க விளிம்பு. கதவுகளின் முற்றத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். வெலிச்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சமையலறை மேசையில் விரித்தாள். குறிப்பு ஆறு மொழிகளில் இருந்தது. பள்ளியில் படித்த பிரெஞ்சு அவளுக்கு இன்னும் கொஞ்சம் நினைவிருந்தது, அகராதியும் இருந்தது. பிரெஞ்சில், கூரைத் தகடு போடும் ஓக்னியான், மூன்றாம் அரங்கத்தின் கூரையிலிருந்து, வேலை நேரத்தில் விழுந்து, அந்த இடத்திலேயே உயிர் துறந்தார் என்று இருந்தது. கீழே ராலெவின் கையெழுத்து. மற்ற மொழிகளிலும் அவன் பெயரும் தேதியும் இருந்தன. பல்கேரிய மொழிப் பகுதியில் மட்டும், முற்றத்தின் நீள அகலமும் கதவுகளின் எண்ணிக்கையும் இருந்தன. அதோடு சரி.

இது பிழை அல்ல என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பிழை இவ்வளவு சுத்தமாக இருக்காது. எவ்கெனியாவைத் தொலைபேசியில் கேட்டாள். உள்ளூர்க்காரர்களுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும் அல்லவா, அதனால் இடத்தை மிச்சப்படுத்தினோம் என்று பதில் வந்தது. பிறகு எவ்கெனியா குரலைத் தாழ்த்தி, நம் மொழியில் எழுதினால் அது சாட்சியமாகிவிடும், மற்ற மொழிகளில் அது கலை, என்றாள்.

வெலிச்கா பிரெஞ்சு வாக்கியத்தைச் சொல் சொல்லாகத் தன் மொழிக்குக் கொண்டுவந்தாள். அழகுபடுத்தவில்லை. பழைய அச்சகத்தில், கறுப்புக் கரை போட்டு, ஓக்னியானின் படத்துக்குக் கீழே அந்த வாக்கியத்தையும், அதற்குக் கீழே மலரில் இருந்தபடியே ராலெவின் கையெழுத்தையும் வைத்து, ஒரே ஒரு பிரதி அச்சடித்தாள். கண்காட்சி வளாகத்தில் கதவு என்று ஒன்று மிச்சமிருந்தது ஆணைய அலுவலகத்தின் முதல் மாடியில், ராலெவின் அறையில்தான். ஓக் மரக் கதவு, பித்தளைப் பிடி. அதில் ஒட்டிவிட்டு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஒன்பது மணிக்கு ராலெவ் வந்தார். கதவில் தாளைக் கண்டதும் நின்றார், தொப்பியை எடுத்தார், பெயரைப் படித்தார், வயதைக் கணக்குப் போட்டார், “கடவுள் மன்னிக்கட்டும்” என்றார். அதுவரை ஊர்க்காரராகத்தான் இருந்தார். கீழ் வரிக்கு வந்தார். கையெழுத்துக்கு வந்தார். கை மேலே போயிற்று, தாளின் ஓரத்தைத் தொட்டது, அங்கேயே நின்றது. பெஞ்சில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு, உள்ளே போய், சப்ரியானையும் ஸ்பாஸையும் வரச் சொல்லித் தொலைபேசியில் சொன்னார்.

இருவரும் கருவிகளோடு வந்தார்கள். தொப்பியை எடுத்துவிட்டுப் படித்தார்கள்.

“சார், இது உங்க கதவு,” என்றான் சப்ரியான். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“கழட்டுன்னா கழட்டேன்.”

கழற்றினார்கள். கனமான கதவு, இருவருக்கும் மூச்சு வாங்கியது. கதவைத் தூக்கிக் கூடத்தில் நிறுத்தியதும், வெலிச்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள். தட்டுவதற்கு ஒன்றுமில்லை. நேரே உள்ளே போய் அவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இன்று சந்திப்பு எதுவும் இல்லையே என்றார் ராலெவ். மலரில் எல்லாம் இருக்கிறதே, ஐந்து மொழிகளில் இருக்கிறதே, பதக்கம்கூடக் கிடைத்திருக்கிறதே என்றார். கூடத்தில் சப்ரியானும் ஸ்பாஸும் கதவைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள். அறைக்குள் பேசுவதெல்லாம் மாடிப்படி வரைக்கும் கேட்டது. படியேறி வந்துகொண்டிருந்த குமாஸ்தாக்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

“என்னம்மா வேணும் உங்களுக்கு?” என்றார் கடைசியில்.

“அவர் எங்க செத்தார்னு சொல்லுங்க. நம்ம பாஷையில.”

ராலெவ் மேசை மேல் கிடந்த மலரைப் பார்த்தார். கதவு இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ சொன்னார். தகடு அறுக்கும் இயந்திரத்தோடு இருபது வருஷம் கழித்ததில் ஸ்பாஸுக்கு ஒரு காது மந்தம். அவன் கதவின் மேல் விளிம்புக்கு மேலே தலையை நீட்டினான்.

“கேக்கல சார்.”

ராலெவ் எழுந்து நின்றார்.

“மூணாவது அரங்கத்துல,” என்றார் சத்தமாக. “கூரையிலேர்ந்து விழுந்து. வேலை செஞ்சிட்டிருக்கும்போது.”